ஐரோப்பியப் பங்காளியுடன் கூட்டு ஆராய்ச்சி: இலங்கைச் சிறு நிறுவனத்தின் பங்குக்கு நிதி எங்கிருந்து வரும்?

இரத்மலானையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இரத்மலானையில் குடிநீர் வடிகட்டிகளைத் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நானும் என் மைத்துனரும் நடத்தி வருகிறோம். முப்பதுக்கும் குறைவானவர்களே எங்களிடம் வேலை செய்கிறார்கள். சிரட்டைக் கரியிலிருந்து எடுக்கப்படும் அக்டிவேட்டட் காபனைக் குருநாகல் பக்கமிருந்து வாங்கி, சலித்துக் கழுவி உலர்த்தி, கார்ட்ரிஜ்களில் அடைத்து விற்பதே இதுவரை எங்கள் தொழிலாக இருந்தது.

அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் பல வருடங்களாக எங்களிடம் கேட்பது புளோரைட்டை நீக்கும் வடிகட்டியைத்தான். அங்குள்ள குழாய்க் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமையும், அதைவிடக் கடுமையான நமது எஸ்.எல்.எஸ். 614 தரம் அனுமதிக்கும் 1.0 மில்லிகிராமையும் தாண்டி நிற்கிறது. வெறும் காபன் குளோரீனையும் வாடையையும் பிடிக்குமே தவிர, புளோரைட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் பிடிக்காது. நெதர்லாந்திலுள்ள ஒரு சிறு நிறுவனத்திடம் காபன் மணிகளின் மேல் அலுமினா சேர்மத்தைப் பூசும் முறை ஒன்று உண்டு. எங்கள் காபனின் மேல் அந்தப் பூச்சு நன்றாக நிற்கிறது என்று அவர்களுடைய ஆரம்பப் பரிசோதனை காட்டியிருக்கிறது. ஜேர்மனியிலுள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடமும் சேர விரும்புகிறது.

நெதர்லாந்துப் பங்காளி யூரோஸ்டார்ஸ் என்ற திட்டத்துக்கு விண்ணப்பிப்போம் என்கிறார். "எங்கள் பங்கை எங்கள் நாடு தரும், உங்கள் பங்கை உங்கள் நாட்டு நிதி நிறுவனம் தரும்" என்பது அவர் சொன்ன விளக்கம். இலங்கையில் அந்த நிறுவனம் எது என்று விசாரித்தபோது எவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு நிதி கிடைக்காதென்றால், வெளியார் பரிசோதனை வேலையாக எங்கள் பகுதியைத் தாங்களே பணம் கொடுத்துச் செய்விக்கலாம் என்றும் அவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் கடைசியில் உருவாகும் வடிகட்டியில் எங்களுக்கு என்ன உரிமை மிஞ்சும் என்பது எனக்குப் புரியவில்லை. இவ்வாறான நிதி முறைகளில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

திட்டவரைவாளர் (கொழும்பு 7) எழுதியது:

உங்கள் பங்காளி சொன்னது அவருடைய நாட்டைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. இலங்கைக்கு அது பொருந்தாது. யூரோஸ்டார்ஸ் என்பது, 1985 இல் தொடங்கப்பட்ட யுரேகா என்னும் அரசுகளுக்கிடையிலான வலையமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்துடன் சேர்ந்து 2008 முதல் நடத்தும் திட்டம். பெயரைக் கேட்டால் பிரசல்ஸில் ஒரு பெரிய பெட்டகம் இருப்பதாகவும், வென்றவர்களுக்கு அதிலிருந்து அள்ளிக் கொடுப்பதாகவும் தோன்றும். உண்மையில் 2014 முதல் 2020 வரையான கட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட 1.14 பில்லியன் யூரோவில் ஏறக்குறைய முக்கால் பங்கைப் பங்கேற்கும் நாடுகளே போட்டன. ஒன்றியம் எஞ்சியதைச் சேர்த்தது. விண்ணப்பங்களைச் சுயாதீன நிபுணர்கள் ஒரே இடத்தில் மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்துகிறார்கள். பணத்தையோ அந்தந்த நாட்டின் நிதி நிறுவனம், தன் சொந்த விதிகளின்படி, தன் நாட்டு நிறுவனத்துக்கு மட்டும் கொடுக்கிறது. நெதர்லாந்தில் அந்த வேலையை ஆர்.வி.ஓ. என்ற அரச முகவரகம் செய்கிறது. கூட்டு ஆராய்ச்சி எல்லையைக் கடக்கிறது, காசு கடப்பதில்லை. தென் கொரியா, கனடா, தென்னாபிரிக்கா, சிங்கப்பூர் போன்ற ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகள் தங்கள் பணத்தைப் போட்டுச் சேர்ந்திருக்கின்றன, இலங்கை சேரவில்லை. ஆகவே அங்கே நீங்கள் சொந்தச் செலவில் மட்டுமே பங்காளியாக முடியும்.

சொந்தச் செலவில் சேர்ந்தாலும் விண்ணப்பத்தின் கணக்கை உங்கள் பங்கு பாதிக்கும் என்பதைக் கவனியுங்கள். குறைந்தது இரண்டு பங்கேற்கும் நாடுகளிலிருந்து ஒன்றுக்கொன்று சார்பற்ற இரு நிறுவனங்கள் வேண்டும்; தலைமை தாங்குவது அந்நாடுகளிலொன்றின் புத்தாக்கச் சிறு நிறுவனமாக இருக்கவேண்டும்; வெளியாருக்குக் கொடுக்கும் வேலையைக் கழித்துப் பார்த்தால், மொத்தச் செலவில் பாதியாவது அந்நாடுகளின் சிறு, நடுத்தர நிறுவனங்களுடையதாக இருக்கவேண்டும்; எந்தவொரு பங்காளியும் எந்தவொரு நாடும் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. திட்டம் 36 மாதங்களுக்குள் முடிந்து, அடுத்த 24 மாதங்களுக்குள் பொருள் சந்தைக்கு வரவேண்டும். உங்கள் பகுதியின் பெறுமதியை அளவுக்கு மீறி ஊதிக் காட்டினால் பாதிப் பங்கு விதியில் உங்கள் பங்காளி இடறுவார். ஜேர்மனியின் ஆய்வுகூடத்துக்குப் பதிலாக அங்கிருந்து ஒரு சிறு நிறுவனம் வந்தாலும் நிலைமை இதேதான்: சிம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நாட்டுச் சிறு நிறுவனப் புத்தாக்கத் திட்டம் வெளிநாட்டுக் கூட்டை வரவேற்கும், ஆனால் வெளிநாட்டுப் பங்காளிக்குக் கொடுக்காது.

காசு உண்மையிலேயே எல்லை கடக்கும் இடம் ஹொரைசன் யூரோப். 2021 முதல் 2027 வரைக்குமான, தொடக்கத்தில் 95.5 பில்லியன் யூரோ ஒதுக்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டம் அது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலொன்றை வைத்துக்கொண்டு, அந்நாடுகளின் நிறுவனங்களுக்கு அது நேரடியாக நிதி தருகிறது. இந்தியாவும் சீனாவும் அப்பட்டியலில் இல்லை, இலங்கை இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாத சலுகை, தெரிந்தவர்களும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி வகைத் திட்டங்களில் தகுதியான செலவின் 100 சதவீதமும், சந்தையை நெருங்கிய புத்தாக்க வகைத் திட்டங்களில் இலாபம் ஈட்டும் நிறுவனங்களுக்கு 70 சதவீதமும் கிடைக்கும். வாடகை, மின்சாரம், அலுவலகச் செலவு ஆகியவற்றுக்காக நேரடிச் செலவில் 25 சதவீதம் கேள்வியின்றிச் சேர்க்கப்படும்.

இடர் எங்கே என்றால், யூரோஸ்டார்ஸில் தலைப்பை நீங்கள் தெரிவு செய்கிறீர்கள், ஹொரைசனில் தலைப்பை அவர்கள் தெரிவு செய்கிறார்கள். வேலைத்திட்ட ஆவணத்தில் நீர் தொடர்பான அழைப்பு ஒன்று வந்து, அதன் வாசகத்துக்குள் புளோரைட்டு வடிகட்டி இயல்பாக அடங்கினால்தான் விண்ணப்பிக்கலாம். அத்துடன் ஒன்றிய உறுப்பு நாடுகளிலோ, உடன்படிக்கை மூலம் இத்திட்டத்தில் இணைந்த வெளி நாடுகளிலோ மூன்று வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் அடிப்படையாக வேண்டும். நீங்கள் அந்த மூன்றில் எண்ணப்படமாட்டீர்கள். உங்கள் கூட்டில் இப்போது இரண்டே இருப்பதால் இன்னொரு நாட்டிலிருந்து ஒருவரைத் தேடவேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதியிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாக ஏறக்குறைய எட்டு மாதங்கள் செல்லும். உங்கள் வடிகட்டிக்கு அவசரம் இருந்தால் இந்தக் கால அளவை மறந்துவிடாதீர்கள்.

உள்நாட்டிலும் வழி இல்லாமலில்லை. தேசிய ஆராய்ச்சிப் பேரவை அரச, தனியார் பங்காண்மை ஆராய்ச்சிக்கு நிதி வழங்கி வந்திருக்கிறது. தேசிய விஞ்ஞான மன்றத்திடம் தொழில்நுட்ப மானியத் திட்டம் உண்டு. ஆனால் வெளிநாடுகளுடன் அவை செய்யும் இருதரப்புக் கூட்டு அழைப்புகள் பெரும்பாலும் விஞ்ஞானிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு தொழிற்சாலை தனியே போய் நின்றால் அந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்காது. பல்கலைக்கழகத்தையோ கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தையோ முன்னிறுத்தி, நீங்கள் கைத்தொழில் பங்காளியாகப் போவதே நடைமுறைக்கு ஒத்துவரும். எனது அபிப்பிராயம்: வெளியார் பரிசோதனை வேலை என்ற யோசனையை ஏற்காதீர்கள். பணம் வரும், பொருள் போய்விடும்.

ஆக்கவுரிமை ஆலோசகர் (அளுத்கடை) எழுதியது:

முன்னவர் நிதி பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவருடைய கடைசி வரியை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. வெளியார் வேலை என்பதாலேயே பொருள் போய்விடுவதில்லை, ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவதால் போகிறது. மானியம் பெறும் நிறுவனம், தான் பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலையின் பலன்கள் தன் கைக்கு வருவதை உறுதிசெய்துகொள்ளவேண்டும் என்பது நிதி கொடுப்போரின் வழமையான எதிர்பார்ப்பு. அதனால் உங்கள் பங்காளி அனுப்பும் ஒப்பந்த வரைவில் "எல்லாப் பலன்களும் பணம் செலுத்துபவருக்கே" என்ற வாசகம் இருக்கும். அதை முற்றாக நீக்க அவரால் முடியாமல் போகலாம். ஆனால் தெற்காசியச் சந்தைக்குக் காலவரையறையற்ற, உரிமக் கட்டணமற்ற உற்பத்தி உரிமத்தை அதற்கு ஈடாகக் கேட்பதை எந்த விதியும் தடுப்பதில்லை. அனுராதபுரத்தில் விற்கப்போகும் உங்களுக்கு ரொட்டர்டாமில் பாதி உரிமை எதற்கு? உரிமம் கையிலிருந்தால் போதும் என்ற நிலையில் பல சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. அவசரமும் உண்டு, முதலும் குறைவு என்றால் இது மோசமான பேரமல்ல.

ஹொரைசனில் பங்காளியாகச் சேர்ந்தால் அடிப்படை விதி தெளிவானது: பலனை உருவாக்கியவருக்கே பலன் சொந்தம். உங்கள் விடயத்தில் சிக்கல் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. பூச்சு அவருடையது, காபன் உங்களுடையது, இரண்டும் ஒட்டிய மணி எவருடையது? யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாவிட்டால் அது கூட்டு உடைமை ஆகும். வேறு விதமாக நீங்கள் இணங்கியிராவிட்டால், கூட்டு உடைமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் குறைந்தது 45 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, நியாயமான ஈடும் வழங்கி, மூன்றாம் தரப்புக்குத் தனியுரிமையற்ற உரிமம் கொடுக்கலாம். அந்த மூன்றாம் தரப்பு பேலியகொடையிலுள்ள உங்கள் போட்டியாளராகவும் இருக்கலாம். ஆகவே பிரதேச வாரியான பங்கீட்டை, பங்காளிகள் தமக்குள் செய்யும் கூட்டமைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஐரோப்பாவில் பலரும் டெஸ்கா என்ற மாதிரி ஒப்பந்தத்தை எடுத்து அப்படியே கையெழுத்திடுகிறார்கள். நல்ல மாதிரிதான், ஆனால் அதில் பின்னிணைப்பாக வரும் "முன்னரே உள்ள அறிவு" என்ற பட்டியலை வெறுமையாக விடுபவர்களே அதிகம். உங்கள் காபனின் துகள் அளவு, கழுவும் முறை, உலர்த்தும் வெப்பநிலை ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரில் ஏற்றுங்கள். ஏற்றாதவை திட்டத்தின்போது கண்டுபிடிக்கப்பட்டவையாகத் தோற்றமளிக்கும்.

இன்னொன்று, ஆய்வுகூடம் சேர்ந்திருப்பதால் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தாருக்குக் கட்டுரை வெளியிடும் அவசரம் எப்போதும் இருக்கும். ஐரோப்பிய ஆக்கவுரிமைச் சட்டத்தில், விண்ணப்பத்துக்கு முன்னர் உரிமையாளரே வெளியிட்ட தகவலும் புதுமையை அழித்துவிடும். பொதுவான சலுகைக் காலம் அங்கே கிடையாது. மாநாட்டுச் சுவரொட்டி ஒன்றே போதும். முதலில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துத் திகதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதங்களுக்குள் சர்வதேச விண்ணப்பத்தைச் செய்யலாம். இலங்கை 1982 முதல் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இருக்கிறது.

இரத்மலானையான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பின்னிணைப்புப் பட்டியல் பற்றிய ஆலோசனை எனக்குப் பெரிதும் உதவும், ஏனெனில் கழுவும் முறைதான் எங்களுடைய ஒரே இரகசியம். கரியின் சாம்பல் நன்றாக நீங்காவிட்டால் பூச்சு உரிந்துவிடும் என்பதைப் பங்காளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். போர்த்துக்கலில் நீர்ப் பரிசோதனைக் கருவி செய்யும் ஒரு நிறுவனம் அவருக்குத் தெரியுமாம். ஆகவே மூன்றாவது நாடு கிடைத்துவிடலாம். என் மைத்துனருடைய கவலை வேறு. யூரோவில் வரும் பணத்தை ரூபாயில் செலவழித்துக் கணக்குக் காட்டுவது, 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய்க்குப் போனது போன்ற நிலை வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். எங்கள் கணக்காய்வாளருக்கும் இது புதிது.

கடலோரக் கணக்காளர் (பம்பலப்பிட்டி) எழுதியது:

உங்கள் மைத்துனர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். செலவை ரூபாயில் பதிந்து, அறிக்கைக் காலம் முடிந்ததும் யூரோவாக மாற்றிக் காட்டவேண்டும். வழமையான விதி, ஐரோப்பிய மத்திய வங்கி நாள்தோறும் வெளியிடும் விகிதங்களின் சராசரியை அந்தக் காலம் முழுவதற்கும் எடுப்பது. இலங்கை ரூபாய்க்கு அந்த வங்கி விகிதம் வெளியிடுவதில்லை. அப்போது ஐரோப்பிய ஆணைக்குழு தன் கணக்கு வேலைக்காக மாதந்தோறும் நிர்ணயிக்கும் விகிதங்களின் சராசரியை எடுக்கவேண்டும். உங்கள் வங்கி பணத்தை எந்த விகிதத்தில் மாற்றியது என்பதற்கு இங்கே இடமில்லை.

விளைவைப் பாருங்கள். முற்பணம் வந்த நாளிலேயே முழுவதையும் ரூபாயாக்கி வைத்துவிட்டு, பிறகு ரூபாய் சரிந்தால், நீங்கள் செலவிட்ட அதே ரூபாய் அறிக்கையில் குறைந்த யூரோவாகத் தெரியும். வேலை முழுவதும் முடிந்திருக்கும், காகிதத்தில் செலவு குறைந்திருக்கும், மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே வர்த்தக வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, யூரோவை யூரோவாகவே வைத்து, சம்பளத்துக்குத் தேவையானதை மாதாமாதம் மாற்றுங்கள். ரூபாய் சரிந்தால் அப்போது மாதச் சம்பளத்துக்குக் குறைந்த யூரோவே செலவாகும். எஞ்சுவதைக் கொண்டு, இணைப்பாளரிடமும் (கூட்டுக்குத் தலைமை தாங்கும் பங்காளி) அவர் மூலம் ஆணைக்குழுவிடமும் கேட்டு, கூடுதல் களப் பரிசோதனை செய்யலாம். உலோக உப்புகள், ஆய்வுக் கருவிகள் போன்ற இறக்குமதிகளுக்கு ஆரம்பத்திலேயே யூரோவில் விலைமனு வாங்கிவிடுவது நல்லது.

பணம் நேரே உங்களுக்கு வராது, இணைப்பாளருக்கு வந்து அவர் பிரித்து அனுப்புவார். முற்பணத்திலேயே மொத்த மானியத்தில் 5 முதல் 8 சதவீதம் வரை பரஸ்பரக் காப்புறுதி ஏற்பாட்டுக்காக (பங்காளி ஒருவர் திருப்பவேண்டிய பணத்தைத் திருப்பாவிட்டால் ஈடுசெய்வதற்கு) பிடித்துக்கொள்ளப்பட்டு முடிவில் திருப்பித் தரப்படும். ஏறக்குறையக் கடைசிப் பத்தில் ஒரு பங்கு இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே வரும். அந்த இடைவெளியைச் சொந்த முதலால் நிரப்ப முடியுமா என்பதை இப்போதே கணக்கிடுங்கள். மேலதிகப் பற்று வசதியின் வட்டியைத் திட்டச் செலவாகக் காட்ட முடியாது.

சம்பளக் கணக்கு நம் ஊர் வழக்கத்துக்குப் புதிது, ஆனால் கடினமல்ல. ஒருவரின் வருடச் சம்பளச் செலவை 215 ஆல் வகுத்தால் நாட்சம்பளம் வரும். அவர் திட்டத்தில் வேலை செய்த நாட்களை மாதந்தோறும் ஒரு தாளில் எழுதி, அவரும் மேற்பார்வையாளரும் கையொப்பமிடவேண்டும். வருட முடிவில் ஒரே பேனாவால் பன்னிரண்டு தாள்களையும் நிரப்பும் பழக்கம் கணக்காய்வில் உடனே தெரிந்துவிடும். நீங்களும் மைத்துனரும் சம்பளம் எடுக்காத உரிமையாளர்கள் என்றால் உங்களுக்கென்று தனி அலகு விகிதம், அதாவது ஒரு நாள் உழைப்புக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை, இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள், பல சிறு நிறுவன உரிமையாளர்கள் தங்கள் உழைப்பைப் பூச்சியமாகக் காட்டி ஏமாந்து போகிறார்கள். பெறுமதி சேர் வரியை மீளப் பெறும் பதிவு உங்களிடம் இருந்தால் அந்த வரியைச் செலவாகக் காட்டமுடியாது, இல்லையென்றால் காட்டலாம். நீங்கள் கோரும் பங்கு 430,000 யூரோவை எட்டினால்தான் கணக்காய்வாளரின் தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் அளவில் அது எட்டாது. மானியம் வருமான வரிக்கு எவ்வாறு கணிக்கப்படும் என்பதை மட்டும் வரி ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு கையொப்பமிடுங்கள்.

இவ்வளவும் உண்மைச் செலவு முறைக்கு உரியவை. அண்மைக் காலத்தில் பல அழைப்புகள் மொத்தத் தொகை முறையில் வருகின்றன. அதில் ஒவ்வொரு வேலைப் பொதிக்கும், அதாவது திட்டத்தின் ஒவ்வொரு வேலைப் பகுதிக்கும், ஒரு தொகை முன்கூட்டியே உறுதியாகும், பொதி முடிந்தால் தொகை வரும், நாணய மாற்றுக் கணக்கோ நாட்தாளோ கேட்கப்படாது. பொதி அரைகுறையாக நின்றால் அதன் தொகையை இழக்க நேரலாம். வட மத்திய மாகாணக் கிணறுகளில் மழைக்காலம் வந்து களப் பரிசோதனை தள்ளிப்போகக்கூடும் என்பதால், அதை ஆய்வுகூட வேலையோடு ஒரே பொதியில் கட்டாமல் தனிப் பொதியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இரத்மலானையான் எழுதியது:

மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார். பங்காளியிடம் பொருத்தமான அழைப்பைத் தேடும்படியும், அது கிடைக்கும்வரை உரிம வாசகத்துடன் வெளியார் வேலையைச் சிறிய அளவில் தொடங்கலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: விண்ணப்பிக்கும்போதே எங்கள் நிறுவனத்தைப் பிரசல்ஸில் எங்காவது பதியவேண்டுமா? சிறு நிறுவனம் என்பதற்குக் கைத்தொழில் அமைச்சின் கடிதம் போதுமா?

திட்டவரைவாளர் (கொழும்பு 7) எழுதியது:

பதிவு இணையத்தில், கட்டணமின்றி. ஒன்றியத்தின் நிதி மற்றும் கேள்விப்பத்திரத் தளத்தில் பெயர், முகவரி, பதிவிலக்கம் கொடுத்தால் ஒன்பது இலக்க அடையாள எண் உடனே கிடைக்கும், விண்ணப்பத்துக்கு அதுவே போதும். தெரிவான பின்னர்தான் கம்பனிப் பதிவுச் சான்றிதழ் முதலானவற்றைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். நிதி வலிமைப் பரிசோதனை பொதுவாக இணைப்பாளருக்கு மட்டுமே, அதுவும் கோரும் மானியம் 500,000 யூரோவாகவோ கூடுதலாகவோ இருந்தால்.

அமைச்சின் கடிதம் அங்கே செல்லாது. நமது 2016 ஆம் ஆண்டுக் கொள்கை, உற்பத்தித் துறையில் 300 பேர் வரையும் வருட விற்பனை 750 மில்லியன் ரூபாய் வரையும் நடுத்தர நிறுவனம் என்கிறது. ஒன்றியத்தின் வரையறை 250 பேருக்குக் குறைவு, விற்பனை 50 மில்லியன் யூரோவைத் தாண்டக்கூடாது, அல்லது ஐந்தொகை 43 மில்லியனைத் தாண்டக்கூடாது என்கிறது. உங்கள் அளவுக்கு இரண்டிலும் தடையில்லை. வேறொரு கம்பனி உங்களில் 25 சதவீதமோ கூடுதலாகவோ பங்கு வைத்திருந்தால் அதன் ஆட்களையும் விற்பனையையும் சேர்த்து எண்ணவேண்டி வரும். காபன் விநியோகஸ்தர் யாராவது உங்களில் முதலிட்டிருந்தால், பதிவதற்கு முன் அந்தப் பங்கின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.